பாசல் மிஷனும் கேத்திப் படுகர்களும்: உங்கள் பாட்டி சொன்னது எவ்வளவு சரி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாட்டிக்கு 86 வயது. நீலகிரி மலையில் கேத்திப் பக்கத்துப் படுகர் கிறிஸ்தவக் குடும்பம். ஜெர்மன்காரர்கள் வந்துதான் சபையை உண்டாக்கினார்கள், பன்னிரண்டு வருஷம் பாடுபட்ட பிறகே முதல் ஆள் சேர்ந்தார் என்று அவர் சொல்வார். நீங்கள் தேடிப் பார்த்தால் சுவிட்சர்லாந்து மிஷன் என்று வருகிறது. எது சரி, யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "உங்க ஆளுங்க காசுக்காக மாறினவங்கதானே" என்று கல்லூரி நண்பர் ஒருவர் கேட்டாராம், உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். மிஷன் அறிக்கைகளையும் சபைப் பதிவேடுகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் படித்து வருகிறேன். நான் படுகர் அல்ல. படுகர்களின் மொழியான படுகு பேசினால் ஓரளவு புரியும், பேச வராது. ஆகவே ஊர்ப் பழக்கங்களைப் பற்றி நான் சொல்வது எதுவும் உங்கள் பாட்டி சொல்வதோடு முரண்பட்டால், பாட்டியை நம்புங்கள். வருஷம், தேதி, சட்டம் இவற்றில் மட்டும் என்னை நம்பலாம்.

ஜெர்மனா சுவிஸா என்பதற்கு, இரண்டும் சரி. பாசல் மிஷன் 1815இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் தொடங்கிய அமைப்பு. தலைமையகம், கமிட்டி, பயிற்சிப் பள்ளி எல்லாம் அங்கேதான். ஆனால் அங்கே படித்து வெளிநாடு போன மிஷனெரிகளில் பெரும்பாலோர் பக்கத்து ஜெர்மன் நாடான வுர்ட்டம்பர்க்கின் கிராமத்துப் பையன்கள். விவசாயி மகன், நெசவாளி மகன், தச்சர் மகன் என்று கைத்தொழில் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். ஆகவே மலையில் உங்கள் முன்னோர் பார்த்த முகமும் கேட்ட உச்சரிப்பும் ஜெர்மன்தான். 1833ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிக்குள் ஆங்கிலேயர் அல்லாத மிஷனெரிகள் வரக் கதவைத் திறந்துவிட்டது. மறு வருஷமே, 1834இல், பாசலின் முதல் மூன்று பேர் மேற்குக் கடற்கரையில் இறங்கி மங்களூரில் தங்கினார்கள். மங்களூர், தார்வாட், தலச்சேரி என்று கன்னட, மலையாளப் பகுதிகளில் வேர்விட்ட அந்த மிஷன், பன்னிரண்டு வருஷம் கழித்து 1846இல் நீலகிரிக்கு ஏறியது.

ஏன் கேத்தி என்ற கேள்விக்குப் பதில் ஒரு வீட்டில் இருக்கிறது. 1830இல் சென்னை அரசாங்கம் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு சோதனைப் பண்ணை வைத்தது, சில வருஷங்களில் அது மூடப்பட்டது. பிறகு சென்னை ஆளுநராக இருந்த எல்ஃபின்ஸ்டன் பிரபு அந்த இடத்தைத் தன் மலைவாசத்துக்காக எடுத்துக்கொண்டு பெரிய வீடு கட்டினார். அவருக்குப் பின் அதை வாங்கியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் காசாமேஜர், சென்னை மாகாண சிவில் சர்வீஸிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் நினைத்திருந்தால் ஊட்டியில் மற்ற வெள்ளைக்காரர்களோடு வேட்டையும் விருந்துமாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, சுற்றியிருந்த ஹட்டிகளின், அதாவது படுகர் ஊர்களின், மக்களுக்காகக் கன்னடம் படித்தார், படுகர் பிள்ளைகளுக்கென்று பள்ளி வைத்தார், பாசல் மிஷனை அழைத்தார். முதலில் வந்தவர் கோட்ஃபிரீட் வைக்லே, கன்னட வேதாகமத் திருத்தப் பணியில் ஈடுபட்டிருந்தவர். காசாமேஜர் 1849இல் இறந்தபோது தன் சொத்தின் பெரும்பகுதியைப் படுகர் நடுவே நடக்கும் வேலைக்கென்று மிஷனுக்கு எழுதி வைத்துவிட்டார். இந்த உயிலை மறந்துவிடாதீர்கள். அடுத்த பத்து வருஷம் ஒரு பலனும் காணாமல் அந்த மிஷன் மலையில் உட்கார்ந்திருந்ததற்கு விசுவாசம் ஒரு காரணம், இந்தப் பணம் இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு. ஒரு குறிப்பிட்ட மக்களுக்கென்று எழுதிவைத்த சொத்தை வைத்துக்கொண்டு அந்த மக்களை விட்டுப் போவது எளிதல்ல.

பன்னிரண்டு வருஷம் என்ற கணக்கும் சரியே. 1846இல் வேலை தொடங்கியது, முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். அழைத்த காசாமேஜர் அந்த நாளைப் பார்க்கவில்லை. முதலில் வந்த வைக்லேயும் பார்க்கவில்லை, அவர் 1855இல் காலமானார். பாட்டியின் நினைவு எவ்வளவு துல்லியம் பாருங்கள். நூற்றறுபது வருஷத்துக்கு மேலான ஒரு எண்ணிக்கையைக் குடும்பம் வாய்வழியாகவே காப்பாற்றி வந்திருக்கிறது.

சரி, ஏன் பன்னிரண்டு வருஷம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கடற்கரையில் இதே பாசல் மிஷனுக்கு ஆட்கள் வந்தார்கள். அங்கே வந்தவர்களில் பலர் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். சபையில் சேர்ந்தால் பழைய நிலப்பிரபு வேலையைப் பறித்துவிடுவார், ஊர் ஒதுக்கிவிடும், அதனால் பிழைப்புக்கு வழி செய்யவேண்டி வந்தது. மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை, நெசவாலை எல்லாம் அப்படிப் பிறந்தவை. குடகில் ஆனந்தபுரம் என்று ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார்கள். நீலகிரியில் நிலைமை தலைகீழ். படுகர்களுக்கு மேலே உட்கார்ந்து மிதிக்கும் சாதி எதுவும் மலையில் இல்லை. அவர்களே எண்ணிக்கையில் பெரியவர்கள், நிலமும் மாடும் உள்ள விவசாயிகள். அதே மலையில் வாழும் கோத்தர்கள் அவர்களுக்கு இரும்புக் கருவியும் பானையும் செய்தார்கள், சாவுக்கு வந்து வாத்தியம் வாசித்தார்கள். தோடர்களோடும் குறும்பர்களோடும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. எதிலிருந்து விடுதலை வேண்டும் என்று ஒரு படுகர் மிஷனெரியிடம் போவார்?

அதைவிட முக்கியமானது ஹட்டி என்ற அமைப்பு. நீங்கள் பாட்டியின் ஊருக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை, ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டின் சுவரும். பழைய வீடுகளுக்குள் பால் வைப்பதற்கென்றே புனிதமான ஓர் இடம் உண்டு, ஹாகோட்டு என்பார்கள். அதை ஆண்கள்தான் கவனிப்பார்கள். ஹட்டிக்குத் தலைவராக ஒரு கவுடர், பல ஹட்டிகள் சேர்ந்த சீமை, நாலு சீமையும் சேர்ந்தால் நாக்குபெட்டா. ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்ததுதான் முடிவு. மிஷனெரிகளோ பக்தி எழுச்சி மரபில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு மனுஷனும் தன் பாவத்தைத் தானே உணர்ந்து, தனியாக அழுது, தனியாக மனந்திரும்பி, தனியாகத் தண்ணீரில் நிற்கவேண்டும் என்பது அவர்களுக்கு விசுவாசத்தின் அடிப்படை. படுகரிடம் போய் அவர்கள் கேட்டது "இயேசுவை நம்புகிறாயா" என்று மட்டும் அல்ல. கேட்ட ஆளின் காதில் அது "உன் ஊரை விட்டு நீ மட்டும் வெளியே வருகிறாயா" என்றே விழுந்திருக்கும். படுகர்கள் மிஷனெரிகளை விரட்டவில்லை. வீட்டு முன்னே உட்காரவைத்தார்கள், பேசவிட்டார்கள், கேட்டார்கள், நல்ல விஷயம் என்றுகூடச் சொன்னார்கள். தனியாக எழுந்து வரத்தான் யாரும் தயாராக இல்லை.

படுகர் சாவுச் சடங்கில் பாவங்களை ஒப்பிக்கும் ஒரு பகுதி உண்டு. 'கரு ஹரசோது' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். பாடையின் அருகே ஒரு பெரியவர் நின்றுகொண்டு, இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் "அது பாவம்" என்று திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் அத்தனையும் ஒரு கன்றின்மேல் போய்ச் சேர, அதை விட்டுவிடுவார்கள். கேத்தியில் பல ஆண்டுகள் இருந்த ஃபிரீட்ரிக் மெட்ஸ் என்ற மிஷனெரி மலைவாழ் இனங்களைப் பற்றி 1856இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பதினைந்து வருஷம் கழித்துச் சார்லஸ் கோவர் என்பவர் இந்தச் சாவுப் பாட்டின் ஒரு வடிவத்தை ஆங்கிலச் செய்யுளாக்கி அச்சிட்டார். அதில் வரும் பாவங்களைப் பாருங்கள். ஊர்ந்துபோன பாம்பைக் கொன்றது. எல்லைக்கல்லை நகர்த்தியது. மலையில் வழி தெரியாமல் அலைந்தவருக்கு உதவுவதாகச் சொல்லித் தப்பான வழி காட்டியது. சூரியனுக்கு முதுகு காட்டியது. ஓடையில் தண்ணீர் குடிக்குமுன் கும்பிடாமல் குடித்தது.

முதன்முதலில் இதைப் படித்தபோது நான் எழுந்துபோய் வேதாகமத்தை எடுத்து உபாகமம் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே லேவியர் நின்று சாபங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜனங்கள் எல்லோரும் "ஆமென்" என்கிறார்கள். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன், குருடனை வழிதப்பச் செய்கிறவன் என்று அடுத்தடுத்த வசனங்கள். பல ஐரோப்பியர்கள் இந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு லேவியராகமத்தில் வரும், ஜனங்களின் பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்கு விடப்படும் போக்காட்டோடுதான் ஒப்பிட்டார்கள். எனக்கு அதைவிட இந்தக் கூட்டுக் குரல்தான் நெருக்கமாகப் படுகிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று சொல்ல ஆதாரம் கிடையாது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோவரின் செய்யுளும் அச்சுக்காகச் செதுக்கப்பட்டது, அதை அப்படியே சடங்கின் சொல்லாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் பாவ உணர்வே இல்லாத மக்களிடம் மிஷனெரிகள் போய்ப் பாவத்தைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதை மட்டும் நிற்காது. பாவத்தைப் பற்றி அந்த மக்களுக்கு நுணுக்கமான அறிவு இருந்தது. அதை ஊரே சேர்ந்து சொல்லி, ஊரே சேர்ந்து இறக்கி வைத்தது. சபையில் சேர்ந்த ஒருவர் சாகும்போது அந்தக் குரல் அவருக்குக் கிடைக்காது. அப்பாவின் சாவில் அவர் எங்கே நிற்பது? கோத்தர் வாத்தியம் ஒலிக்கும் இடத்துக்கு வரலாமா, வந்தால் சபை என்ன சொல்லும், வராவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு எல்லோரும் போகும்போது அவர் வீட்டில் இருப்பாரா? ஹெத்தை என்றால் பாட்டி என்பது உங்களுக்குத் தெரியும். மதம் மாறுவது என்பது அங்கே, சொல்லளவில்கூட, பாட்டியைப் பார்க்கப் போகாமல் இருப்பது.

அந்தப் பாவப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: சர்க்காரைத் துணைக்கு அழைத்தது. ஊர் விவகாரத்தை ஊருக்குள் முடிக்காமல் அரசாங்கத்திடம் போவது பாவம். இதை நான் பல வருஷம் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். 1850இல் கம்பெனி அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது, அந்த வருஷத்தின் 21ஆம் சட்டம். மதம் மாறினாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டாலோ ஒருவருடைய சொத்துரிமை போகாது என்பது அதன் சாரம். 1866இல் வந்த இன்னொரு சட்டம், கிறிஸ்தவரானதால் மனைவியோ கணவரோ கைவிட்டுப் போனால் நீதிமன்றத்தின் மூலம் அந்தத் திருமணத்தை முடித்துக்கொள்ள வழி செய்தது. ஆக, காகிதத்தில் பார்த்தால் முதல் படுகர் கிறிஸ்தவருக்கு அப்பாவின் நிலத்தில் பங்கு உறுதி. ஆனால் அந்தப் பங்கை வாங்க அவர் என்ன செய்யவேண்டும்? சர்க்காரை அழைக்கவேண்டும். ஊர் அவரைக் குற்றவாளி என்று நினைத்ததோ இல்லையோ, அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட நிமிஷமே தன் ஊரின் கணக்கில் அவர் ஒரு பாவத்தைச் செய்தவர் ஆகிவிடுவார். இந்தச் சட்டங்களைக் கோயம்புத்தூர் மாவட்ட நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பயன்படுத்திய குடும்பங்களைவிட, பங்கைக் கேட்காமல் விட்டுவிட்ட குடும்பங்களே அதிகமாக இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். காசுக்காக மாறினார்களா? காசு சம்பந்தப்படவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊரை விட்டு வந்தவருக்குத் தங்க இடம் வேண்டும். மிஷன் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். வேலை வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்கு உபதேசியார், அதாவது சபையில் போதிப்பவர் வேலை, பள்ளி வாத்தியார் வேலை கிடைத்தது. அடுத்த தலைமுறைக்குப் படிப்பு கிடைத்தது, படிப்பால் அரசு வேலையும் வந்தது. இதெல்லாம் நடந்தது. ஆனால் முன்னே வந்தது எது, பின்னே வந்தது எது என்று பாருங்கள். கையில் நிலமும் மாடும் சொந்தமும் உள்ள ஒரு விவசாயி அதை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கு உபதேசியாராகப் போவது லாபக் கணக்கு ஆகாது. காசுக்காக மாறுகிறவர்கள் என்றால் பெரிய உயில் பணம் கையில் இருந்த மிஷனிடம் பன்னிரண்டு வருஷம் ஒருவர்கூட வராமல் இருந்திருப்பார்களா? பாசல்காரர்கள் பிழைப்புக்காக வருகிறவர்களைப் பற்றி மிகவும் பயந்தவர்கள், ஞானஸ்நானம் கேட்பவரை நீண்ட நாள் காத்திருக்கவைத்துச் சோதித்தார்கள். எனக்குத் தெரிந்தவரை முதல் தலைமுறை படுகர் கிறிஸ்தவர்கள் வாங்கியவர்கள் அல்லர், கொடுத்தவர்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன். பிற்காலத்தில் வந்த ஒவ்வொருவருடைய மனதையும் பற்றி இதே உறுதியோடு நான் பேசமுடியாது. அது வேறு எந்த மதத்தாரைப் பற்றியும் முடியாது.

ஒரு சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. எந்தச் சபை என்று சொல்லவேண்டாம், அதில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய அளவுத் தடித்த தாள், மை பழுப்பாகியிருந்தது. கன்னட எழுத்து, நடுநடுவே ஜெர்மன் கையெழுத்தில் குறிப்புகள். பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் அடுத்த கட்டத்தில், பிறகு ஹட்டியின் பெயர், தகப்பன் பெயர், வயது. ஒரு பக்கத்தில் நான் வெகுநேரம் நின்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தனித்தனியாக, வெவ்வேறு ஹட்டிகளிலிருந்து வந்தவர்கள். மனைவி, பிள்ளை என்று குடும்பமாக ஒரே நாளில் வந்தவர்கள் சில பக்கங்கள் தள்ளித்தான் வருகிறார்கள். அந்த இடைவெளியில் அந்த ஆண்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைப் பதிவேடு சொல்லாது. பாசலுக்குப் போன அறிக்கைகளும் அதிகம் சொல்லாது. அவை ஐரோப்பாவில் காசு கொடுத்து ஆதரித்த மக்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. மனமாற்றத்தை விரிவாகச் சொல்லும், அதற்குப் பிறகு வந்த தனிமையைச் சுருக்கமாகச் சொல்லும். மெட்ஸ் போன்றவர்கள் உண்மையாகவே இந்த மக்களை நேசித்தார்கள், ஹட்டி ஹட்டியாக நடந்தார்கள், ஆனால் அவர்களும் தாங்கள் திருத்த வந்த ஒன்றாகவே எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவர்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஞானஸ்நானக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மிஷன் தோற்றது என்றே சொல்லிவிடலாம், படுகரில் கிறிஸ்தவர்கள் இன்றும் சிறு பகுதிதான். பள்ளியைப் பார்த்தால் கதை வேறு. கேத்தியில் தொடங்கி, 1867இல் கோத்தகிரியிலும் நிலையம் அமைத்து, ஹட்டிகளுக்குள் பள்ளிகளைக் கொண்டுபோனார்கள். மிஷனெரியின் சாமி வேண்டாம், அவருடைய எழுத்து வேண்டும் என்று ஊர் தெளிவாகவே முடிவு செய்தது. பையன்களை அனுப்பினார்கள், ஞானஸ்நானத்துக்கு அனுப்பவில்லை. நிலப்பட்டா, வரி, தோட்டக்காரர்களோடு ஒப்பந்தம் என்று காகிதம் மலையேறி வந்துகொண்டிருந்த காலம் அது. படிக்கத் தெரியாதவன் நிலத்தை இழப்பான் என்பதை அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். தமிழ்நாட்டின் மலைவாழ் சமூகங்களில் படுகர்கள் படிப்பில் முன்னே போனதற்கு இந்தப் பள்ளிகள் ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், எனக்கு மனதுக்கு நெருக்கமானது. மிஷன் கன்னடத்தில் வேலையைத் தொடங்கியது. மிஷனெரிகள் மங்களூரிலிருந்து வந்தவர்கள், கன்னட வேதாகமம் கையில் இருந்தது, படுகுக்கும் கன்னடத்துக்கும் உறவு உண்டு. ஆகவே கன்னடம் போதும் என்று நினைத்தார்கள். ஆனால் படுகு பேசும் ஒருவருக்குப் புத்தகக் கன்னடம் வீட்டு மொழி ஆகாது. நாற்பது வருஷத்துக்கும் மேலான பிறகு, 1890இல், மங்களூர் மிஷன் அச்சகத்தில் லூக்கா சுவிசேஷம் படுகு மொழியில் அச்சானது. 'ஒள்ளெய சுத்தி', நல்ல செய்தி. கன்னட எழுத்திலேயே அச்சிட்டார்கள். அந்த எழுத்துக்கு ஒரு குறை உண்டு. படுகில் நாக்கை உள்ளே மடித்துச் சொல்லும் உயிரொலிகள் இருக்கின்றன, உலக மொழிகளில் அபூர்வமானவை. எமனோ என்ற மொழியியல் அறிஞர் 1939இல் இவற்றை விளக்கி எழுதினார். கன்னடத்திலோ தமிழிலோ அவற்றுக்கு எழுத்தில்லை. அச்சுக் கோத்தவர் தன்னிடம் இருந்த எழுத்தை வைத்துச் சமாளித்தார், படிக்கும் படுகர் சரியான ஒலியைத் தானே போட்டுக்கொண்டார். அந்த மொழியில் அச்சேறிய முதல் புத்தகங்களில் அது ஒன்று. மக்கள் தொகைக் கணக்கில் இன்றைக்கும் படுகைக் கன்னடத்தின் கீழேதான் சேர்க்கிறார்கள், 2011 கணக்கில் சுமார் 1.3 லட்சம் பேர். சபைகளில் கன்னடம் போய்த் தமிழ் வந்தது. உங்கள் பாட்டி தமிழில் ஆராதித்து, படுகில் பேசி, அவருடைய பாட்டி வைத்திருந்த கன்னடப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கமுடியாமல் வைத்திருந்தால், அது மூன்று மொழி தாண்டி வந்த குடும்பம் என்று பொருள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் பாசல் மிஷனெரிகள் எதிரி நாட்டவர் ஆனார்கள். சுவிஸ் அமைப்பு என்ற விளக்கம் எடுபடவில்லை, ஆட்கள் ஜெர்மன்காரர்கள் ஆயிற்றே. காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள், கடற்கரைத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற ஆங்கில நிறுவனத்துக்குப் போயின. எழுபது வருஷம் மிஷனெரியைப் பார்த்து வளர்ந்த சபைகள் திடீரென்று தங்கள் காலில் நிற்கவேண்டி வந்தது. உபதேசியார்களும் வாத்தியார்களும்தான் தாங்கிப் பிடித்தார்கள். போருக்குப் பிறகு மிஷன் திரும்பி வந்தாலும் பழைய அதிகாரம் திரும்பவில்லை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இன்று நீலகிரியில் உள்ள அதன் சபைகள் கோயம்புத்தூர் திருமண்டலத்தில் இருக்கின்றன. தோடர்கள் நடுவே நடந்த வேலை தனி. அது ஆங்கிலேயத் திருச்சபையின் பெண்கள் மிஷனைச் சேர்ந்த கேத்தரின் லிங் அம்மையார் செய்தது, அதைப் பாசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆவணம் எங்கே தேடலாம் என்று கேட்டிருந்தீர்கள். பாசலில், பழைய மிஷனின் வழிவந்த மிஷன் 21 என்ற அமைப்பின் காப்பகத்தில்தான் மூல அறிக்கைகள் இருக்கின்றன. பழைய ஜெர்மன் கையெழுத்து, இன்றைய ஜெர்மன்காரர்களுக்கே படிக்கப் பயிற்சி வேண்டும். ஆனால் அவர்களுடைய பழைய புகைப்படங்கள் இணையத்திலேயே இருக்கின்றன, நீலகிரிப் படங்களும் உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். மங்களூரில் கர்நாடக இறையியல் கல்லூரிக் காப்பகத்தில் பாசல் மிஷன் நூல்களும் கோப்புகளும் கிடைக்கும். குடும்ப விவரத்துக்கு இவை இரண்டையும்விட உங்கள் சொந்தச் சபையின் பதிவேடுதான் பயன்படும். ஆயரிடம் முறையாக எழுதிக் கேளுங்கள், கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், படம் எடுக்க அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள்.

அதற்கு முன்னால், இந்த வாரமே, பாட்டியிடம் நாலு விஷயம் கேட்டு அவர் குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள். முதலில் சபையில் சேர்ந்தவருடைய பழைய பெயர் என்ன. எந்த ஹட்டி. அவரோடு யார் வந்தார்கள், யார் வரவில்லை. அவர் இறந்தபோது ஹட்டியிலிருந்து யாராவது வந்தார்களா. முதல் இரண்டும் பதிவேட்டில் இருக்கும், பாட்டி சொன்னதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசி இரண்டும் எந்தக் காப்பகத்திலும் இல்லை.